கம்பி இறங்காத குழல்

கம்பி முழுதாக இறங்கவில்லை.

பழைய துப்பாக்கி எது கைக்கு வந்தாலும் அவன் செய்கிற முதல் வேலை இதுதான். மெல்லிய பித்தளைக் கம்பியைக் குழலின் வாய் வழியாக விட்டு, அது முட்டுகிற இடத்தில் கட்டைவிரல் நகத்தால் அடையாளம் பிடித்துக்கொண்டு, வெளியே உருவி, அதே கம்பியைக் குழலின் மேல்புறமாக வைத்து அளந்து பார்ப்பான். தீப்பொறி உள்ளே போகிற சின்னத் துளை வரைக்கும் கம்பி எட்டினால் குழல் காலி. எட்டாமல் முன்னாலேயே நின்றுவிட்டால், எவனோ எந்தக் காலத்திலோ போட்ட குண்டு இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். போட்டவன் மண்ணோடு மண்ணாகியிருப்பான். குண்டுக்கு அதெல்லாம் தெரியாது.

இந்தக் கைத்துப்பாக்கியில் கம்பி இரண்டு விரல் அகலம் முன்னாலேயே நின்றது. அதில் அவனுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை; பரணிலிருந்து இறங்குகிற பத்துத் துப்பாக்கியில் ஒன்றாவது இப்படித்தான் வரும். அவன் புருவத்தைச் சுருக்க வைத்தது சத்தம். ஈயத்தில் பித்தளை முட்டினால் 'டொக்' என்று ஒரு செத்த சத்தம் வர வேண்டும். இங்கே சத்தமே வரவில்லை. தூங்குகிறவன் தோளில் விரல் வைத்த மாதிரி, முட்டிய இடம் கொஞ்சம் உள்வாங்கி, பிறகு மெதுவாகக் கம்பியைத் திருப்பித் தள்ளியது.

காற்று அடைத்திருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, இழுப்பறையிலிருந்து சிவப்பு நாடாவை எடுத்து விசையைச் சுற்றிக் கட்டினான்.

சிவப்பு நாடா அந்த வீட்டுச் சட்டம். சட்டம் போட்டவர் மச்சான், அதாவது அவன் மனைவியின் அண்ணன். இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவர். உடைந்த திருகு, தளர்ந்த வில், தொலைந்த ஆணி எதுவானாலும் பழசுக்கும் புதுசுக்கும் வித்தியாசம் தெரியாதபடி செய்து கொடுக்கிற கை அவருக்கு. எது அசல் எது போலி என்று பிரிக்கிற கண் இவனுக்கு. கண்ணும் கையுமாக இருவரும் சேர்ந்து பழைய ஆயுதங்களைச் சோதித்துச் சான்று கொடுக்கிற தொழிலை நடத்தி வந்தார்கள். தனியாக இடம் பிடிக்க முடியாமல் இவன் வீட்டு முன்னறையையே பட்டறையாக்கியபோது மச்சான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். குழலில் குண்டு இருந்தால் உடனே சிவப்பு நாடா கட்ட வேண்டும். அதை முதலில் பார்க்கிறவன், இருவரில் யாராக இருந்தாலும், கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டுக் குண்டை வெளியே எடுக்க வேண்டும்.

"என் தங்கச்சி நடமாடுற வீடு மாப்ளே. எமனை மேஜைல படுக்க வெச்சுத் தாலாட்டக் கூடாது," என்றார் அன்றைக்கு.

தங்கச்சி நடமாடியதைவிட உட்கார்ந்திருந்ததுதான் அதிகம். முன்னறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே கதவு கிடையாது, ஒரு திரை மட்டும்தான். திரைக்கு அந்தப் பக்கம் அவளுடைய தையல் மெஷின் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓடும். மோட்டார் வைத்த மெஷின். ஏதோ ஒரு விடுதிக்குத் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தாள். காலடியில் பெடலை மிதித்தால் 'கர்ர்ர்' என்று ஒரு பக்கம் ஓடும், நிற்கும், துணியைத் திருப்புவாள், மறுபடி 'கர்ர்ர்', நிற்கும். நாலாவது பக்கம் முடிந்ததும் கத்திரிக்கோல் நூலைக் கடிக்கிற 'சிக்' சத்தம். வருஷக்கணக்கில் இதைக் கேட்டுக் கேட்டு, அவன் மூச்சு விடுகிற தாளமே அதுவாகிவிட்டது. அந்தச் சத்தம் ஓடுகிற வரைக்கும் உலகம் சரியாக இருக்கிறது.

துப்பாக்கியைக் கொண்டு வந்தவர் ஒரு பல் டாக்டர். அவருடைய பெரியப்பா இறந்த பிறகு வீட்டைக் காலி செய்யும்போது கிடைத்ததாம். குழலின் அடியில், மரத்தைக் கழற்றினால் மட்டும் தெரிகிற இடத்தில், ஒரு குருவி முத்திரை இருந்தது. அதே முத்திரையோடு இதன் ஜோடித் துப்பாக்கி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதுவும் அசல் என்று சான்று கிடைத்தால் அதன் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள அவர்கள் தயார். முத்திரையை யார் வேண்டுமானாலும் குத்திவிடலாம். குழலின் உட்புறத்தைப் பொய் சொல்ல வைப்பது கஷ்டம். கையால் குடைந்ததா, இயந்திரத்தில் குடைந்ததா, எத்தனை முறை சுட்டிருக்கிறது, எல்லாம் அங்கே எழுதியிருக்கும். விளக்கை விட்டு உள்ளே பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு முதலில் குண்டு வெளியே வர வேண்டும்.

வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. சாயங்கால வெளிச்சம் ஜன்னலில் சாம்பல் நிறமாகக் கரைய, எண்ணெயும் பழைய இரும்பும் கலந்த வாசனை அறையில் கனமாகத் தொங்க, அவன் துப்பாக்கியைத் தோல் சுற்றி இடுக்கியில் பூட்டினான். துளை வழியாக எண்ணெய் விட்டு ஊற வைத்தான். நுனியில் மரை வெட்டிய இன்னொரு கம்பியை உள்ளே விட்டுத் திருகினான். மரை ஈயத்தைக் கடித்துப் பிடித்தது. ஒரு காலை மேஜைக் காலில் ஊன்றி மெதுவாக இழுத்தான்.

குண்டு வந்தது. வரும்போது குழலுக்குள்ளிருந்து நீளமாக ஒரு காற்று. பெருமூச்சு மாதிரி.

"யாருப்பா அது, என்னை மாதிரியே அலுத்துக்கிறது?" என்றபடி நனைந்த தலையோடு உள்ளே வந்தார் மச்சான். அவன் லென்ஸும் கண்ணுமாக அதன் மேலேயே கிடப்பதைப் பார்த்து, "என் தங்கச்சியைக் கட்டிக்கும்போது ரெண்டு நிமிஷம்கூட உத்துப் பார்க்கல. இதை என்னடான்னா இப்படிப் பார்க்கிற," என்று வழக்கமான கிண்டலை ஆரம்பித்தார். திரைக்கு அந்தப் பக்கமிருந்து, பார்த்திருந்தால் கட்டியிருக்கவே மாட்டார் என்று அவள் பதில் கொடுத்தாள். மூவரும் சிரித்தார்கள்.

சிரித்துக்கொண்டே அவன் குண்டைக் கையில் எடுத்தான். சூடாக இருந்தது. சுடுகிற சூடு இல்லை. அக்குளில் வைத்திருந்து எடுத்துக் கொடுத்த மாதிரி, ஆள் சூடு.

வெடிமருந்தே இல்லை. இடுக்கியைத் தளர்த்திக் குழலைக் கவிழ்த்துத் தட்டியும் ஒரு கரித்தூள்கூட விழவில்லை. வெறும் குண்டும், அது இறுக்கமாக உட்காருவதற்காகச் சுற்றிப் போடுகிற வட்டத் துணியும்தான். மருந்து இல்லாமல் யாராவது குண்டு போடுவார்களா என்று மச்சானும் தலையைச் சொறிந்தார்.

அந்தத் துணியை அவள்தான் வெளிச்சத்தில் நீட்டிப் பிடித்துப் பார்த்தாள். நீலக் கோடு போட்ட துணி. நூலை உருவி விரலில் முறுக்கினாள், முகர்ந்தாள்.

"இது பழசே இல்லைங்க. பாலியஸ்டர் கலந்தது. பைஜாமாவுக்குப் போடுற துணி. சோப்பு வாசனைகூட இருக்கு பாருங்க." பிறகு சிரிப்பை அடக்க முடியாமல், "உங்க ராஜா காலத்துத் துப்பாக்கி பைஜாமா போட்டுட்டுத் தூங்குது," என்றாள்.

ஆனால் துணியின் ஓரத்தை விரலால் தடவியபோது அவள் சிரிப்பு நின்றது. கத்திரிக்கோல் வைத்த ஓரம் இல்லை என்றாள். பிளேடும் இல்லை. எதில் வெட்டியிருப்பார்கள் என்று தெரியவில்லை. ஒரு நூல்கூடப் பிசிறவில்லை.

யாரோ அண்மையில் கை வைத்திருக்கிறார்கள் என்று அவன் முடிவு கட்டினான். கை வைத்த துப்பாக்கிக்குச் சான்று எழுத முடியாது. மறுநாள் காலையில் டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுவிடலாம் என்று இருந்தான். போனை எடுத்தது மருத்துவமனை நர்ஸ். டாக்டர் வரமாட்டார், அவருடைய அண்ணன் நேற்றுச் சாயங்காலம் தவறிவிட்டார் என்றாள். நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தாராம். ஒரு பெருமூச்சு விட்டாராம். அவ்வளவுதானாம்.

துக்கம் விசாரிக்கப் போனான். எல்லாரும் கீழே அறையில் இருந்தார்கள். கை கழுவப் பின்பக்கம் போனபோது, மழைக்காக உள்ளே இழுத்துக் கட்டிய கொடியில், இறந்தவர் மேலிருந்து மாற்றிய துணிகள் துவைத்துக் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு பைஜாமா. நீலக் கோடு. காற்று இல்லை, ஆனாலும் அது லேசாகத் திரும்பியது. திரும்பிய பக்கத்தில், தொடைக்கு நேராக, வட்டமாக ஒரு ஓட்டை. அதன் வழியாக அந்தப் பக்கத்துச் சுவர் தெரிந்தது.

தண்ணீர்க் குழாயை மூடாமலேயே வெளியே வந்துவிட்டான். டாக்டர் வாசல் வரை வந்து வழியனுப்பினார். மருத்துவமனையிலிருந்து அப்படியே ஓடி வந்தவர் இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை. வெளிர்நீலச் சட்டை, மார்பில் பை. என்ன கேட்க வந்தானோ அதை அவரிடம் கேட்க வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கம்பியை எடுத்தான். ஏன் எடுத்தான் என்று அவனுக்கே தெரியாது. நேற்றே காலி செய்த குழல். கம்பி போயிற்று. மெத்தென்று முட்டியது. மெல்லத் திருப்பித் தள்ளியது.

இரண்டு விரல் அகலம்.

முதலில் அவனுக்கு வந்தது கோபம். இந்த மாதிரி விளையாட்டெல்லாம் மச்சானைத் தவிர யாருக்கும் வராது. அவர் வந்ததும் பிடித்துக்கொண்டான். மச்சான் சிரிக்கவில்லை. தங்கச்சி மேல் சத்தியமாக நான் தொடவில்லை என்றார். தங்கச்சி மேல் அவர் பொய்ச் சத்தியம் செய்கிறவர் இல்லை.  பிறகு மச்சானே, முதலில் எடு, அப்புறம் யோசிக்கலாம் என்றார். நாடா. இடுக்கி. எண்ணெய். திருகு. கை பழகிய வேலை, மனம் எங்கே இருந்தாலும் கை செய்தது.

பெருமூச்சு. சூடான குண்டு. மருந்து இல்லை.

துணி வெளிர்நீலம். அவள் அதை விரலில் வைத்தவுடனேயே சொன்னாள். "இது டாக்டருங்க போடுற சட்டைத் துணி. கொதிக்கிற தண்ணில துவைச்சாலும் சாயம் போகாது."

அவன் டாக்டருக்குப் போன் போட்டான். அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் யாரோ எடுத்தார்கள்.  பின்னால் அழுகை கேட்டது. இரண்டாவது அழுகை, துக்கம் விசாரிக்கப் போனபோது கேட்ட அழுகைக்கும் இதற்கும் வித்தியாசம் தெரிந்தது. இது ஆரம்பிக்கிற அழுகை.

மச்சானிடம் அவன் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் அவர் சிரிப்பார், இல்லையென்றால் நம்புவார். இரண்டையும் அவனால் தாங்க முடியாது போலிருந்தது. தலைவலி என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டு, மேஜை விளக்கை அருகே இழுத்து, நூல் மாதிரி மெல்லிய விளக்கைக் குழலுக்குள் விட்டு, கண்ணை வைத்தான்.

திரைக்கு அந்தப் பக்கம் கர்ர்ர். நின்றது. கர்ர்ர்.

குழல் அசல்தான். கையால் குடைந்த குழல். குடைந்தவன் கை தளர்ந்த இடம்கூட ஒரு சிற்றலையாகத் தெரிந்தது. இத்தனை வருஷத் தொழிலில் இவ்வளவு சுத்தமான சான்றை அவன் பார்த்ததில்லை. ஆனால் சுட்ட துப்பாக்கிக்கு இருக்கிற அரிப்பு இல்லை. கரி இல்லை. தீத் துளையின் ஓரம் வெட்டிய அன்றைக்கு இருந்தபடியே கூர்மையாக இருந்தது. கைப்பிடி மட்டும் பல தலைமுறை பிடித்துப் பிடித்து வழுவழுத்துக் கிடந்தது. இந்தத் துப்பாக்கியை யாரும் ஒரு முறைகூடச் சுட்டதில்லை.

வேறொன்று இருந்தது. அடிப்பக்கம், குண்டு உட்காருகிற இடத்தைச் சுற்றி, கீறல்கள். நேராக இல்லை. சுழன்று சுழன்று. அது என்ன கீறல் என்று உலகத்தில் அவனைப் போல் நாலு பேருக்குத்தான் தெரியும். குண்டை எடுக்கத் திருகுகிற கம்பி, வழுக்கிச் சுவரில் உரசினால் வருகிற கீறல் அது. துருவுக்கு அடியில் பழைய கீறல்கள். அதற்கு மேலே அதைவிடப் புதியவை. அதற்கும் மேலே. எண்ண முடியாத அளவுக்கு, ஒன்றின் மேல் ஒன்றாக. எல்லாவற்றுக்கும் மேலே பளபளவென்று இரண்டு கீறல். அவனுடையது.

இது சுட்டுக் கொல்கிற துப்பாக்கி இல்லை. எடுக்கும்போது கொல்வது. எமனை வீட்டை விட்டு விரட்டுகிறோம் என்று நினைத்த ஒவ்வொரு ஜாக்கிரதையான மனுஷனும், இடுக்கியில் பூட்டி, எண்ணெய் விட்டு, பொறுமையாகத் திருகி...

விளக்கை வெளியே எடுத்தான். கை வேர்த்திருந்தது. வேர்வையைத் துடைத்துவிட்டு வந்து கம்பியை எடுத்தான். பார்க்க வேண்டாம் என்று மனம் சொன்னது. கை கேட்கவில்லை. இப்போதுதான் கண்ணால் பார்த்த காலிக் குழல்.

முட்டியது.

மறுபடி விளக்கை விட்டான். சாம்பல் நிறத்தில் குண்டின் நெற்றி. அதைச் சுற்றி, நெருக்கி மடிந்த துணியின் ஓரம். பச்சை. பச்சையில் வெள்ளைக் கட்டம்.

கர்ர்ர். நின்றது. சிக்.

திரையை விலக்கினான். அவள் முதுகு தெரிந்தது. தோளில், இந்த மாதிரி ஈரக் குளிர் நாட்களில் அவள் போர்த்திக்கொள்கிற பருத்திச் சால்வை. பச்சை. வெள்ளைக் கட்டம். அவன் நிற்பது தெரிந்து திரும்பாமலேயே சொன்னாள்.

"வீட்டுல எலி வந்துடுச்சு போலங்க. பாருங்க, நல்ல சால்வையை எப்படி வட்டமா கடிச்சு வெச்சிருக்குன்னு."

பிறகு திரும்பி, முனையைத் தூக்கிக் காட்டினாள். ஓட்டை வழியாக அவள் கண் தெரிந்தது, சிரித்துக்கொண்டு.

எலிதான் என்றான். குரல் எப்படியோ சரியாக வந்துவிட்டது. அவள் தலையில் கை வைத்தான். சூடாக இருந்தது. ஆள் சூடு. என்ன திடீர்ப் பாசம் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றான்.

அன்று முழுக்க அவன் துப்பாக்கியைக் காவல் காத்தான். மறுநாள் பகலில், டாக்டர் வீட்டுக்குப் போயே ஆக வேண்டும் என்று ஆனபோது, அதைத் துணியில் சுற்றி இரும்பு அலமாரிக்குள் வைத்தான். யாரும் தொட்டுவிடக் கூடாதே என்கிற ஒரே நினைப்பில் விசையைச் சுற்றிச் சிவப்பு நாடாவை இறுக்கி, இரட்டை முடிச்சாகக் கட்டினான். அலமாரியைப் பூட்டினான். சாவியைச் சட்டைப் பையில் போட்டான். இன்னொரு சாவி எப்போதும் போல மச்சானிடம் இருந்தது.

டாக்டரும் போய்விட்ட அந்த வீட்டில் மிச்சம் இருந்தது அண்ணன் மனைவி மட்டும்தான். அழுது அழுது கண் வறண்டு போயிருந்தது அந்த அம்மாவுக்கு. போனைச் சத்தம் வராதபடி அணைத்து வைத்துவிட்டு அவர் எதிரே உட்கார்ந்தான். துப்பாக்கியைப் பற்றி இந்த நேரத்தில் கேட்பது அசிங்கம் என்று தெரிந்தும் கேட்டான்.  பெரிய மாமாவுக்கு, அதாவது டாக்டரின் பெரியப்பாவுக்கு, அது ஒரு பைத்தியம் என்றார் அந்த அம்மா. யாரையும் அதைத் தொடவே விட மாட்டாராம். ஒரே ஒரு தடவை, யாரோ துப்பாக்கி தெரிந்த நண்பர் வந்து குண்டை எடுத்துத் தருகிறேன் என்றபோது, சாப்பிட்ட தட்டோடு எழுந்து அவரை வெளியே தள்ளினாராம்.

"'உள்ளே இருக்கிறவன் இருக்கட்டும். இருக்கிற வரைக்கும் ஒண்ணும் ஆகாது'ன்னு சொல்லிட்டே இருப்பாரு. நாங்க வயசாயிடுச்சுன்னு நினைச்சோம் தம்பி."

இருக்கிற வரைக்கும் ஒன்றும் ஆகாது.

அவன் நெஞ்சில் ஏதோ அவிழ்ந்தது. இவ்வளவுதானா? எடுக்காமல் இருந்தால் போதும். உருக்க வேண்டாம், புதைக்க வேண்டாம், யாரிடமும் எதையும் நிரூபிக்க வேண்டாம். இரும்புப் பெட்டி ஒன்று வாங்கி, உள்ளே வைத்து, மச்சானை விட்டே வெல்டிங் வைத்து மூடச் சொல்லி, இவன் சாகிற வரைக்கும் அதன் மேலேயே படுத்துக்கொண்டாலும் சரி. அவள் இருப்பாள். பக்கத்து அறையில் மெஷின் ஓடும். அந்த அம்மாவின் கையைப் பிடித்து நன்றி சொன்னான். எதற்கு நன்றி என்று அவருக்குப் புரியவில்லை.

படி இறங்கும்போது போனைப் பார்த்தான். மச்சானிடமிருந்து ஒரு குரல் செய்தி. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் வந்தது.

"மாப்ளே, நான் வீட்லதான் இருக்கேன். நாடாவைக் கட்டிட்டுக் குண்டை எடுக்காம பூட்டி வெச்சுட்டுப் போயிருக்க, சட்டம் என்னாச்சு? அதுவும் ரெட்டை முடிச்சு. சரி விடு, உனக்குத்தான் உடம்பு சரியில்லையே. நானே எடுத்துடறேன். நீ நிதானமா வா."

பின்னணியில் கர்ர்ர். நின்றது. சிக்.

மச்சானுக்கு அடித்தான். எடுக்கவில்லை. இரண்டு கையும் வேலையில் இருந்தால் அவர் எடுக்க மாட்டார். அவளுக்கு அடித்தான். மெஷின் ஓடும்போது அவளுக்கு எதுவும் கேட்காது. மறுபடி மச்சான். மறுபடி அவள்.

ஓடினான். மழைநீர் தேங்கிய தெரு. ஒரு செருப்பு எங்கோ போயிற்று. குடை பிடித்தவர்கள் ஒதுங்கினார்கள். எண்ணெய் ஊற வேண்டும். ஊறுவதற்கு நேரம் ஆகும். அவர் பொறுமைசாலி. நன்றாக ஊற விடுவார். நேரம் இருக்கிறது. இருக்கிறது.

தெருமுனை திரும்பும்போதே கேட்டது.

கர்ர்ர்.

தையல் மெஷின்.  மதில் சுவரைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதான், சிரித்தான், எது என்று தெரியவில்லை. ஓடுகிறது. தைக்கிறாள். உலகம் சரியாக இருக்கிறது.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

மச்சான் மேஜைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். நாடா அவிழ்ந்து கிடந்தது. இடுக்கியில் துப்பாக்கி. உள்ளங்கையில் குண்டு.

"வா மாப்ளே. எடுத்துட்டேன். இனி பயமில்ல." குண்டைக் கையில் உருட்டினார். "தொட்டுப் பாரு, இன்னும் சூடு ஆறல. வரும்போது ஒரு பெருமூச்சு விட்டுச்சு பாரு... என்னமோ பாவமா இருந்துச்சு."

பச்சைத் துணியை விரித்துப் பிடித்தார். "இது தங்கச்சி சால்வை மாதிரியே இல்ல?"

எப்போது எடுத்தீர்கள் என்று கேட்டான். கேட்டானா என்று தெரியவில்லை. உதடு அசைந்தது.

"இப்பதான். ஒரு டீ குடிக்கிற நேரம் இருக்கும். அவ கிட்டகூட டீ கேட்டேன், காதுல விழல. ரொம்ப மும்முரமா தைக்கிறா."

கர்ர்ர்ர்ர்.

அவன் காத்திருந்தான். இப்போது நிற்கும். துணியைத் திருப்புவாள்.

கர்ர்ர்ர்ர்ர்ர்ர்.

இப்போது.

தலையணை உறைக்கு நாலு பக்கம். ஒரு பக்கம் இவ்வளவு நீளம் கிடையாது.

கத்திரிக்கோல் சத்தத்துக்காகக் காத்திருந்தான். மச்சானும் காதைச் சாய்த்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் அங்கேயே நின்றது.

நிற்கவில்லை.

திரையை விலக்கினான்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் சாய்ந்து, தையலை உற்றுப் பார்க்கிற மாதிரி. கைகள் இரண்டும் மடியில் கிடந்தன. கால் பெடலின் மேல், முழுப் பாரமும் அதன் மேல். வெள்ளை உறை எப்போதோ தைத்து முடிந்து பின்பக்கம் விழுந்துவிட்டது. ஊசி நிற்கவில்லை. கழுத்தில் சுற்றியிருந்த பச்சைச் சால்வையின் முனையைப் பிடித்துக்கொண்டது. வட்ட ஓட்டை ஊசிக்குக் கீழே போய், அந்தப் பக்கம் வெளியே வந்துவிட்டது. இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது, கொஞ்சம் கொஞ்சமாக, நேர்த்தியான தையலாக. ஒவ்வொரு இழுப்புக்கும் அவள் தலை மெல்ல முன்னால் வந்து, பின்னால் போய், அவன் கேட்காத ஏதோ ஒன்றுக்கு ஆமாம், ஆமாம், ஆமாம் என்று ஆடிக்கொண்டிருந்தது.